கிபிரின் வயிறு

கனடாவில் இருந்து வந்த மச்சான் சூட்கேசைத் திறந்து, சொக்கலேற்றுக்கும் சேர்ட்டுகளுக்கும் நடுவில் இருந்து அந்தப் பிளாஸ்ரிக் மொடல் விமானக் கிட்டை எடுத்துத் தந்தபோது, "உனக்கு வேறை பிளேன் கிடைக்கேல்லையே?" என்று கேட்டான். 2022 தைப்பொங்கலுக்கு முதல் கிழமை அது. பெட்டிப் படத்தில் மணல் நிறமும் பழுப்பும் பச்சையும் பூசிய கிபிர் போர் விமானம் ஒன்று பாலைவனத்துக்கு மேலே சாய்ந்து பறந்துகொண்டிருந்தது. பெயரைச் சொல்லி எடுப்பித்தவன் நான்தான். "நல்ல கிட்டாம்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

என் வயது யாழ்ப்பாணத்தாருக்கு விமானங்களைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் 1986இல் பிறந்தவன். சியாமாசெட்டி, அவ்ரோ, சகடை, புக்காரா, சுப்பர்சொனிக் என்று சத்தத்தை வைத்தே பெயர் சொல்லுவோம். கிபிர் அந்த வரிசையில் பிந்தி வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு கொக்குவிலை விட்டு வெளிக்கிட்டு, நாவற்குழிப் பாலம் தாண்டி, பிறகு கிளாலி கடந்து நாங்கள் கிளிநொச்சியில் இருந்த காலத்தில், 1996இல்தான் அது இலங்கை விமானப்படைக்கு வந்தது. ஆகவே எனக்குக் கிபிர் என்றால் கிளிநொச்சி. தென்னங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர். "இறங்கடா உள்ளுக்கு" என்று அம்மா கத்துவா. நான் வாசலில் ஒரு கணம் நின்று மேலே பார்ப்பேன். கறுப்பு முக்கோணம் ஒன்று போகும். சத்தம் வரும் திசையில் அது இராது, எப்போதும் கொஞ்சம் முன்னால்தான் நிற்கும்.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கிபிர். கிட்டைப் பிரித்து உடலின் இரண்டு பாதிகளையும் கையில் எடுத்தபோதுதான், அதற்கு முதுகு என்று ஒன்று இருப்பதை முதல்முறை கவனித்தேன்.

நான் கட்டட வரைபடம் கீறுகிறவன். ஒரு பொருள் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அதில் கை வைக்க எனக்கு வராது. புதிதாக மொடல் கட்டத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்லுவதும் இதுதான்: பசையைத் திறக்க முதல் விமானத்தின் கதையைப் படியுங்கள். 1967இல் பிரான்சின் ஜனாதிபதி டி கோல் இஸ்ரேலுக்கு ஆயுதத் தடை போட்டார். காசு கட்டிய 50 மிராஜ் 5 விமானங்கள் பிரான்சிலேயே நின்றுவிட்டன. இஸ்ரேல் மிராஜின் உடலமைப்பைத் தானே செய்யத் தொடங்கி, கடைசியில் அதற்குள் அமெரிக்க ஜே79 இயந்திரத்தைப் பொருத்தியது. பாண்டம் விமானத்தில் இருக்கும் அதே இயந்திரம். பழைய பிரெஞ்சு இயந்திரத்தைவிட இது கூடக் காற்றுக் குடிக்கும், கூடச் சூடாகும். அதனால்தான் பக்கவாட்டுக் காற்றுவாய்கள் பெரிதாயின, பின்னுடல் கட்டையாகிக் கொழுத்தது, வால் செங்குத்தாக எழும்பும் இடத்தில் குளிர்காற்று எடுக்க ஒரு வாய் முளைத்தது. இது தெரிந்தால் எந்தப் பொருத்தில் மினக்கெட வேண்டும், எதை விடலாம் என்று கைக்கே தெரியும். வாலடியில் உள்ள அந்த வாய்தான் கிபிரின் முகம். அதன் விளிம்பு தடிப்பாக இருந்தால் மொடல் விளையாட்டுச் சாமானாகிவிடும். உள்பக்கமாக அரத்தால் சுரண்டிச் சுரண்டித் தாள் மாதிரி ஆக்கினேன். இரண்டு இரவு போனது.

தடைக்குள் பிறந்த விமானம் என்று வாசித்தபோது கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்களுக்கும் தடை இருந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். கிபிர் என்ற ஹீப்ரு சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று அர்த்தமாம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிட் 1:48 அளவு. உண்மையான விமானம் மூக்கில் இருந்து வால் வரை 15.65 மீற்றர், இறக்கை 8.22 மீற்றர். மொடல் 32 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல், இறக்கை 17. முதல் ஜெட் கட்டுகிறவர் 1:72 எடுத்தால் செலவு குறைவு, இடமும் குறைவு. ஆனால் நாற்பது வயதை எட்டிப் பார்க்கும் கண்ணுக்கு 1:48தான் நல்லது.

விமானியின் அறையில் தொடங்கினேன். எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள், உடலை ஒட்டினால் பிறகு கை போகாது. ஆசனப் பட்டிகள் கிட்டில் அச்சாக மட்டும் இருந்தன. அம்மாவின் பிறசர் குளிசை மட்டையின் பின்தகட்டை உரித்து, ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் பிளேட்டால் கீறி எடுத்தால் அருமையான பட்டி வரும். மடித்த இடத்தில் மடிந்து நிற்கும், காகிதம் மாதிரி நிமிராது. குளிசை குறையும் வேகத்துக்கு என் வேலையும் நகர்ந்தது. அம்மா ஒருநாள் முருங்கையிலை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தா.

"உதுக்குள்ள எத்தினை பேர் இருக்கிறவங்கள்?"

"ஒராள்தான், அம்மா."

"ஒராளோ?" இலையை ஆய்வதை நிறுத்திவிட்டா. "நான் ஒரு பத்துப் பேராவது இருப்பாங்கள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

விமானி உருவம் கிட்டில் வரவில்லை. தனியாக வாங்கலாம். வாங்கவில்லை.

மூக்குக்குள் பாரம் வைக்கச் சொல்லி வழிகாட்டித் தாளில் இருந்தது. டெல்டா இறக்கை விமானங்கள் பாரம் பின்னால் விழுந்து வாலில் குந்திவிடும். குருநகரில் வலைக்குக் கட்டும் ஈயம் வாங்கி, சுத்தியலால் தட்டையாக்கித் திணித்தேன். உடலை ஒட்ட முதல் சக்கரம் வரும் இடத்தில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். மூக்கு கீழே சாய்ந்தால் போதும். ஒட்டிய பிறகு திறக்க முடியாது. ஈயம் பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

பிளாஸ்ரிக் துண்டுகளைப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஒருமுறை அலசியிருந்தேன். அச்சு எண்ணெய் போகாவிட்டால் பெயின்ற் உரியும். இடைவெளிகளை நிரப்ப விசேஷமான பட்டிப் பசை இங்கே கிடைக்காது, கிடைத்தாலும் ஆனை விலை. சுப்பர் குளூவில் குழந்தைப் பவுடரைக் குழைத்துப் பூசினால் நன்றாக நிரம்பும். ஒன்றே ஒன்று: பூசிய அரை மணித்தியாலத்துக்குள் உரஞ்சிவிட வேண்டும். நான் அடுத்த நாள் பார்ப்போம் என்று விட்டேன். அது கல்லாகி, சுற்றியுள்ள பிளாஸ்ரிக் தேய்ந்ததே தவிர அது தேயவில்லை. முதுகில் ஒரு பள்ளம் விழுந்தது. காற்றுவாய்களுக்குப் பக்கத்தில் காது மாதிரி நிற்கும் சிறு இறக்கைகளைக் கடைசிவரை ஒட்டாமல் வைத்திருப்பது நல்லது. நான் அவசரப்பட்டு ஒட்டி, வலது காதை இரண்டு தரம் முறித்தேன். மூன்றாம் தரம் தையல் ஊசியை வெட்டி உள்ளே ஆணியாகக் கொடுத்த பிறகுதான் நின்றது.

பங்குனியில் மின்வெட்டு மோசமானது. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூடப் போனது. பெயின்ற் விசிறும் எயார் பிரஷ்ஷுக்குக் காற்றுக் கொடுக்கும் கொம்பிரசர் மூலையில் கிடந்தது. பகலில் வெளிச்சம் இருக்கும் நேரத்தில் மின்சாரம் இல்லை, மின்சாரம் வரும் நேரத்தில் நித்திரை. அப்போது பழைய புத்தி வேலை செய்தது. முதலில் வான் சில்லின் ரியூப் ஒன்றை மட்டும் ஊதி எயார் பிரஷ்ஷுக்குக் கொடுத்துப் பார்த்தேன். பூசணிக்காய் மாதிரி வீங்கியதே ஒழிய அழுத்தம் நிற்கவில்லை. ரியூப்பைக் கட்டிப் பிடிக்க ரயர் வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. பக்கத்து வீட்டு அண்ணையின் வான் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்காக நின்றது. "அண்ணை, உங்கட ஸ்பெயார் சில்லை ஒருக்கால் தாறீங்களோ?" என்று கேட்டேன். "நாலையும் கழட்டிக்கொண்டு போ" என்றார்.

சில்லை 40 பி.எஸ்.ஐ. வரை கால் பம்பால் அடித்து, கொம்பிரசரின் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி இடையில் போட்டு 18க்கு வைத்தேன். ஒரு தரம் அடித்தால் ஐந்து நிமிஷம் பூசலாம். பிறகு திரும்பவும் பம்ப். கொம்பிரசரைப் போல் துடிப்பு இல்லாமல், சத்தமும் இல்லாமல் சீராகக் காற்று வந்தது. மின்சாரம் திரும்பி வந்த பிறகும் மெல்லிய கோட்டு வேலைக்கு நான் சில்லைத்தான் பிடித்தேன். அண்ணைதான் பெற்றோல் வந்ததும் திருப்பிக் கேட்டுவிட்டார்.

பெயின்றுக்கு ஸ்ரான்லி வீதிப் பக்கம் போனேன். வெளிநாட்டு மொடல் பெயின்ற் அந்த வருஷம் கனவிலும் கிடையாது. கார்களுக்கு அடிக்கும் சாம்பல் பிரைமரையும் தின்னரையும் வாங்கி வந்தேன். இங்கேதான் பெரிய பிழை விட்டேன். வீட்டு மதிலுக்கு அடிப்பதுபோல் இடது இறக்கையில் ஒரேயடியாக ஈரமாக அடித்தேன். கார்த் தின்னர் தகரத்துக்கு ஆனது, பிளாஸ்ரிக்கைத் தின்னும். பத்து நிமிஷத்தில் இறக்கை காய்ந்த குளத்தடி மாதிரி வெடித்துப்போனது. அரத்தாள் 400, 800, 1200 என்று ஒரு கிழமை உரஞ்சி, அழிந்துபோன தகட்டுப் பொருத்துக் கோடுகளை இரும்பு ஸ்கேல் பிடித்து ஊசியால் திரும்பக் கீறினேன். கார் பிரைமர் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், இப்போதும் அதையே பாவிக்கிறேன். முதல் மூன்று பூச்சும் பனி விழுந்ததுபோல் இருக்க வேண்டும். இடையில் பத்து நிமிஷம் காயவிட வேண்டும். வாயில் முகமூடி, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஜன்னலைத் திறந்தால் சோளகம் வந்துவிடும். ஆடி ஆவணியில் கொக்குவில் ஒழுங்கைகளில் அடிக்கும் காற்றில் செம்மண் தூள் இல்லாத இடமே இல்லை. நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, அம்மாவின் பழைய நூல்சேலையை நனைத்து ஜன்னலில் கட்டி, அதன் பிறகுதான் உருமறைப்பு நிறங்களை அடித்தேன். தூசி சேலையில் நின்றது. வாடைக் காலத்தில் பிரச்சினை வேறு. கார்த்திகை மழை நாள் ஒன்றில் பளபளப்பு வார்னிஷ் அடித்தேன், காய்ந்ததும் முழு விமானமும் பாலாடை பூத்ததுபோல் வெளுத்துவிட்டது. காற்றில் இருந்த ஈரம்தான் காரணம். பதறி உரஞ்சத் தேவையில்லை. வெயில் எறிக்கும் நாளில் வெறும் தின்னரை மெல்லிசாக விசிறினால் வார்னிஷ் திரும்பவும் இளகித் தெளியும். எனக்குத் தெளிந்தது, வாலில் ஒரு சிறு இடம் தவிர.

டெக்கல், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படம், ஒட்டும்போது யாழ்ப்பாணத்து மண் தன் வேலையைக் காட்டியது. எங்கள் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக் கல். கேத்திலுக்குள் படியும் வெள்ளையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு ஒட்டிய டெக்கல்களைச் சுற்றி, காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக வட்டம் கட்டியது. வார்னிஷ்தான் திரும்பவும் பூத்துவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் தலையைப் பிய்த்தேன். பருத்தித் துணியில் வினாகிரி தொட்டுத் துடைத்ததும் வட்டம் போனபோதுதான் கள்ளன் யார் என்று விளங்கியது. அதற்குப் பிறகு பற்றறிக்கு விடும் வடித்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். மழைத் தண்ணீரும் சரி. வினாகிரியை நீர்த்து டெக்கலின் மேல் ஒரு துளி வைத்தால் அது இளகிக் கோடுகளுக்குள் படுக்கும், இதற்கென்று விற்கும் திரவம் தேவையில்லை.

ஒட்டியவை பெட்டியில் வந்த இஸ்ரேலிய அடையாளங்கள். கட்டுநாயக்காவில் நின்ற இலங்கை விமானப்படைக் கிபிராகச் செய்யவில்லையா என்று மச்சான் போனில் கேட்டான். செய்யலாம். ஆனால் அந்த விமானப்படையின் வட்ட அடையாளத்தை எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை, அம்மாவைக் கேட்காமலே எடுத்த முடிவு அது. ஆரம்பகால இஸ்ரேலிய கிபிர்களின் இறக்கையிலும் வாலிலும் கறுப்பு விளிம்பு வைத்த பெரிய முக்கோணங்கள் இருக்கும். எதிர்ப்பக்கத்திலும் மிராஜ்கள் பறந்ததால், சொந்த ஆட்களே சுட்டுவிடாமல் இருக்கப் போட்டவை. பெரிய டெக்கல் என்பதால் அடியில் காற்று அடைபட்டு வெள்ளி மாதிரி மின்னும். ஊசியால் குத்தி, வினாகிரி விட்டு, விரலால் அமத்த வேண்டும்.

விமானி அறையின் மூடிக் கண்ணாடியைச் சுப்பர் குளூவால் ஒட்ட வேண்டாம். ஆவி படிந்து உள்ளே புகைமூட்டம் கட்டும். எனக்குக் கட்டியது. பற்பசையால் ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்து மீட்டேன். மரப் பசை போதும்.

இனி வயிறு. மொடல் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வயிற்றில் ஏமாற்றுவார்கள், நிலத்தில் நிற்கும் விமானத்தின் அடியை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று. என்னால் அப்படி விட முடியவில்லை. இரண்டு மாதம் அங்கேயே கிடந்தேன். காற்றுவாய்களுக்குக் கீழே இருக்கும் இரண்டு 30 மில்லிமீற்றர் பீரங்கிகளின் குழல்களுக்கு ஊசி மருந்துக் குழாயை வெட்டி வைத்தேன். சக்கரக் குழிகளுக்குள் மெல்லிய கம்பியால் குழாய் ஓடவிட்டேன். கோடுகளுக்குள் எண்ணெய்ச் சாயத்தை ரேர்பன்ரைனில் கரைத்து ஓடவிட்டு, பின்பக்கம் நோக்கி மட்டும் துடைத்தேன். காற்று பின்னுக்குத்தான் இழுக்கும், எண்ணெய்க் கறையும் அந்தப் பக்கம்தான் போகும். கறுப்பு வேண்டாம், பழுப்பு கலந்த சாம்பல் போதும். 1:48இல் கால் மில்லிமீற்றர்கூட இல்லாத ஒரு கோடு உண்மையில் ஒரு சென்ரிமீற்றர் அகல வெடிப்பு. அதைக் கறுப்பால் நிரப்பினால் விமானம் செங்கல் மதில் மாதிரி இருக்கும்.

வயிற்றுக்கு நிறம் வெளிர் நீலம். வானத்தோடு கலக்கட்டும் என்று. பூசிவிட்டுப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான் பார்த்தது கறுப்பு அல்லவா? கணக்கைப் போட்டேன். ஒரு கிலோமீற்றர் உயரத்தில் போன விமானம் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு தெரிய இந்த மொடல் 21 மீற்றர் தூரத்தில் இருக்க வேண்டும். அக்காவின் மகனைக் கூப்பிட்டு, கிணற்றடியில் இருந்து 21 மீற்றர் அளந்து, படலையடி மதிலில் ஏற்றி, இரண்டு கையாலும் மூக்கையும் வாலையும் பிடித்து, வயிறு என் பக்கம் தெரியத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன். மத்தியான வெயில். நான் கிணற்றடியில் குந்தி இருந்து பார்த்தேன்.

நீலம் தெரியவில்லை. பிரகாசமான வானத்துக்கு முன்னால் நிழல் விழுந்த அடிப்பக்கம் என்ன நிறம் பூசினாலும் கறுப்புத்தான். சின்ன முக்கோணம் ஒன்று. அளவு சரியாகத்தான் இருந்தது. நான் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன்போல, பெடியன் கை நோகுது என்று கத்தினான். குசினி வாசலில் அம்மா நின்றா.

"பிள்ளையை வெயிலுக்குள்ள நிக்க விடாதை. உள்ளுக்கு வரச் சொல்லு."

மொடலை வாங்கி உள்ளே கொண்டுபோனேன்.

2023 தைப்பொங்கலுக்கு முதல் வேலை முடிந்தது. பல்லிக்கும் தூசிக்கும் பெட்டி ஒன்று தேவை. தேத்தண்ணிக் கடைகளுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து கொடுக்கும் ஒருவரிடம் அளவைக் கொடுத்தேன். 40க்கு 25, உயரம் 18 சென்ரிமீற்றர், அடித்தட்டுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. வயிறும் தெரிய வேண்டும் என்பதற்காக. அவர் அளவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"றோல்ஸுக்கோ, பற்றிஸுக்கோ?"

"இல்லை அண்ணை, வேறை சாமானுக்கு."

"அப்ப அடியில முகக் கண்ணாடி என்னத்துக்கு?" என்றார். பிறகு அவரே, "ஒண்டு இரண்டாத் தெரியும், யாவாரத்துக்கு நல்லது" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். பெட்டி வந்தபோது பின்பக்கம் சறுக்கிற கதவும், சாமான் எடுக்கிற இடுக்கியை மாட்ட ஒரு கொழுக்கியும் இருந்தன. கொழுக்கியைக் கழற்றவில்லை. தூசி தட்டும் சின்னத் தூரிகையை அதில்தான் தொங்கவிட்டிருக்கிறேன்.